மூன்றாவது கோடு

தரகர் பிச்சையா டார்ச்சைக் கல்லின் அடியில் வைத்து அழுத்தினார். கறுத்த தோலுக்குள்ளே பச்சை வெளிச்சம் மெல்லப் பரவியது.

"முதல் தடவை ஜேட் கல் வாங்குறீங்க, அண்ணே. வெளிச்சத்தை மட்டும் நம்பிடாதீங்க. ஈரப்படுத்தித் தோலைப் பாருங்க. வெடிப்பு இருந்தா, செதுக்கும்போது ரெண்டாப் போயிடும்."

காளியப்பன் கல்லைத் தண்ணீரில் முக்கித் துடைத்தான். சேறு விலகிய இடத்தில் ஆணியால் கீறிய அடையாளம் தெரிந்தது. சுரங்கத்து மண்மேட்டில் கல் பொறுக்குகிறவர்கள், அடுத்தவன் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க, கிடைத்த கையோடு தங்கள் அடையாளத்தைக் கீறிவிடுவார்கள். ஒரு வட்டம், அதன் கீழே மூன்று கோடு. அது அவன் அண்ணன் வடமலையுடையது.

மேடு சரிந்து அண்ணன் காணாமல் போய் நாலு மாதமாகிறது. உடல் கிடைக்கவில்லை. "கண்ணால பாக்காம நான் தாலியைக் கழட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணி இன்னும் அண்ணனுக்கும் சேர்த்துச் சோறு வடிக்கிறாள்.

முதல் இரண்டு கோடுகளும் நேராக இருந்தன. மூன்றாவது, நேராகத் தொடங்கிப் பாதியில் சறுக்கி, கல்லைச் சுற்றிக்கொண்டு அடிப்பக்கம்வரை ஓடியிருந்தது.

"இது எங்க கிடைச்சது?"

"சரிஞ்ச மேட்டைத் தோண்டினப்போ. கீறலைப் பாக்குறீங்களா? அது மேலோட்டமாத்தான் இருக்கு. சாணைச் சக்கரத்துல புடிச்சா ஒரு நிமிஷத்துல போயிடும்."

காளியப்பன் கட்டைவிரலால் அந்தக் கோட்டின் மேலேயே போனான். அது முடிகிற இடத்தில் விரல் நின்றது.

"தேய்ச்சிருங்க," என்றான். "வீட்டுக்குக் கொண்டு போகணும். அண்ணி கண்ணுல இது படக் கூடாது."