காதுக்கருவி இல்லாத அணி

கோவில்பட்டியில் இப்போதெல்லாம் ஹாக்கி ஆடுவது காதுக்கருவிதான். பந்தை யாருக்குத் தள்ளுவது என்று கணினி கணித்து அதன் வழியே காதில் சொல்லும், பிள்ளைகள் தள்ளுவார்கள். போன மாதம், ஆளில்லாத கோலுக்கு முன்னால் பந்தோடு நின்ற எசக்கியம்மாள், கருவி சொல்லட்டும் என்று காத்திருந்தாள். பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். முப்பது வருடமாகப் பார்வையாளர் காலரியில் உட்கார்ந்து கத்துகிற எனக்கு வயிறு எரிந்தது.

அவளையும் இன்னும் பத்துப் பெண்களையும் சேர்த்து, கருவியே இல்லாத ஓர் அணியாகப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன்.

இன்று முதல் ஆட்டம். பந்து எசக்கியிடம் வந்தது. அவள் காலரியைப் பார்த்தாள். பதினொரு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, எங்கிட்டு அடிக்க?"

இடது பக்கம் ஆளே இல்லை. சொல்ல வாயெடுத்தவன், பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"என்னைய ஏன் கேக்க? நீதான ஆடுத?"

சொல்லிவிட்டு மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் கோல் பலகையில் பந்து மோதியது. எதிரணிதான் கத்தியது. திரும்பிவிடக் கழுத்து துடித்தது. திரும்பவில்லை. இரண்டாவது கோலும் விழுந்தது. அப்போதும் திரும்பவில்லை.

பிறகு எசக்கியின் குரல் கேட்டது.

"அண்ணாச்சிய ஏண்டி பாக்க? என்னையப் பாரு, பந்து வருது!"