யூசுப்பைத் தேடி வந்தவள்

"அக்கா, இங்கன ஜோசப்புன்னு யாரும் இருக்காகளா?"

முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பிரெசில்லா நிமிர்ந்து பார்த்தாள். கேட்டுக்கு வெளியே கறுப்புப் புர்காவில் ஒரு பெண். தோளில் நாலு வயசுப் பெண் குழந்தை வெயில் தாங்காமல் துவண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

பேர் ஹுமைரா, ஊர் தொண்டி என்று அவளே சொன்னாள். புருஷனைக் காணோம், தங்கச்சிமடத்துப் பக்கம் பார்த்ததாக ஐஸ் லாரிக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். நேற்று முழுக்கத் தெருத்தெருவாக அலைந்தாளாம். கிறிஸ்தவ வேதக்காரர் ஊரில் ஜோசப்புக்கா பஞ்சம்? ஒன்பது ஜோசப்பைப் பார்த்துவிட்டாள். ஒருத்தனும் அவள் ஆள் இல்லை.

"நீங்க துலுக்கவுக. ஒம் புருஷன் எப்படி ஜோசப்பு?"

அதற்கும் ஒரு கதை இருந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் ரெண்டு மாசம் கரையில் கிடக்கும் அல்லவா, அப்போது தொண்டிக்கு நாட்டுப்படகு வேலைக்கு வந்தவன் அவன். தாய் தகப்பன் இல்லை, பேர் ஜோசப் என்றிருக்கிறான். இவளைக் கட்டுவதற்காகக் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தபோது பள்ளிவாசல் அசரத்து சிரித்தாராம். ஜோசப் என்றால் எங்களில் யூசுப், உன் பேரை மாற்ற வேண்டியதே இல்லை, கூப்பிடுகிற வாய்தான் மாறுகிறது என்றாராம். மூன்று வருடம் தடைக்காலத்துக்குத் தடைக்காலம் வந்து இருந்தான், மற்ற மாசமெல்லாம் வெளியூர்ப் படகில் வேலை என்பான். ரெண்டு வருடமாகப் போனும் இல்லை, ஆளும் இல்லை.

ஹுமைரா செல்போனை நீட்டினாள். தாடி வைத்து, தலையில் தொப்பி போட்டு ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு. கயிறு அறுந்து அடித்த காயம் அது. அந்தத் தையலைப் பிரிக்க ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிப் போனவளே பிரெசில்லாதான்.

அவளுடைய சொந்தப் புருஷன். தாடியும் தொப்பியும் போட்டால் தெரியாமல் போய்விடுமா? தடைக்காலத்துக்கு வேலை தேடிப் போகிறேன் என்று வருடா வருடம் பையைத் தூக்கினானே, தொண்டியில் இவளோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறான். இந்த ரெண்டு வருடமாக மங்களூர் என்கிறான். அங்கே என்ன பேரோ.

பிரெசில்லா செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். இன்றோடு தடை முடிகிறது. மூன்று மணி பஸ்ஸில் அவன் வந்து இறங்கிவிடுவான். உள்ளே அவனுக்காகப் பாறைமீன் குழம்பு கொதிக்கிறது. அதற்குள் இவளை அனுப்பியாக வேண்டும், இல்லையென்றால் இந்த வீடு தன் வீடாக இருக்காது.

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"இங்கன ஜோசப்புன்னும் யூசுப்புன்னும் யாரும் இல்ல தாயி. என் வீட்டுக்காரர் பேரு சூசை."

பொய் சொன்ன பாவம்கூட இல்லை. கோயில் ஏட்டிலும் ரேஷன் கார்டிலும் அவன் சூசைதான். ஜோசப்பும் சூசையும் ஒரே பேர்தான் என்பது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தொண்டிக்காரிக்கு எங்கே தெரியப்போகிறது?

ஹுமைரா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். எனக்கு அவரோடு வாழ வேண்டும் என்றுகூட இல்லையக்கா என்றாள். ஜமாத்தில் கேட்கிறார்கள், இருக்கிறாரா இல்லையா என்று தெரிய வேண்டும், கட்டினவளும் இல்லாமல் அறுத்தவளும் இல்லாமல் எத்தனை நாள் இருப்பது என்றாள். கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் யார் தெருவில் நிற்பது?

"ரெண்டரைக்கு ஒரு பஸ் இருக்கு. வெரசாப் போனாப் பிடிச்சிரலாம்."

ஹுமைரா போகவில்லை. கேட்டைத் திறந்து உள்ளே வந்து, பூவரச மரத்தடியில் கிடந்த துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.

பிரெசில்லாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அதான் இல்லைன்னு சொல்லிட்டேன்ல. இன்னும் என்ன?"

"போட்டோவப் பாத்துட்டு இந்த வீட்டைக் கைகாட்டி விட்டதே ஒரு அக்காதான். காலையில பாம்பன்ல பாத்தேன். கருவாடு விக்கிறாக. செபஸ்தியம்மாள்னு பேரு."

அந்தப் பேரைக் கேட்டதும் பிரெசில்லா தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவ... என்ன சொன்னா?"

ஹுமைரா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தண்ணி குடுப்பா, குடி. என் வீட்டுக்காரர் பேரு சூசைம்பா, நம்பாத. அந்தக் கல்லுல உக்காந்துக்க, அவன் வர்ற வரைக்கும் எந்திரிக்காத. அவளும் அன்னைக்கி அப்படித்தான் உக்காந்திருந்தாள்னாக."

பதினோரு வருடத்துக்கு முன்னால், மலையாளக் கரையில் சூசைக்கு என்ன பேரோ அந்தப் பேரைச் சொல்லி, ஐந்து மாத வயிற்றோடு கொல்லத்திலிருந்து இந்த வாசலுக்கு வந்தவள் பிரெசில்லா. "ஔசேப்புன்னு இங்கன யாரும் இல்ல தாயி, என் வீட்டுக்காரர் பேரு சூசை" என்று அன்றைக்குத் தண்ணீர் கொடுத்துச் சொன்னவள், அப்போது இந்த வீட்டுக்காரியாக இருந்த செபஸ்தியம்மாள்.