இருபத்தேழாம் கட்டம்

"இருபத்தேழாம் கட்டத்தை மட்டும் மாத்திடும்மா. மத்ததெல்லாம் பிரமாதம்!"

பேராசிரியர் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த இறுதியாண்டு மாணவி மசிவதாக இல்லை. சுற்றுச்சூழல் புவியியல் துறையில் அவளுக்கு 'அடிஸ்கேல்' என்று பட்டப்பெயர். எதையும் அளந்து பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

மேசையில் அவள் வரைந்த வரைபடம் விரிந்து கிடந்தது. ஊர்க்குப்பையைக் கொட்ட இடம் தேடுவதுதான் இந்த ஆண்டுத் திட்டப்பணி. வரைபடத்தில் தெருப்பெயர் எதுவும் இருக்காது. நாற்பது கட்டங்கள், அவற்றுக்கு எண்கள், பக்கத்தில் ஒவ்வொரு கட்டத்தின் மண், தண்ணீர், வீட்டுக் கணக்கைச் சொல்லும் ஓர் அட்டவணை, அவ்வளவுதான். பெயர் தெரிந்தால் மனசு சாயும், எண்ணுக்கு ஏது சொந்தபந்தம் என்பது பேராசிரியரின் கொள்கை. அட்டவணையும் அவருடையதே. டாக்டர் பட்டத்துக்காகத் தெருத்தெருவாக நாயாய் அலைந்து, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்துச் சோதித்தவர் அவர். அந்தப் பெருமையைப் பேசாமல் ஒரு வகுப்பையும் முடித்ததில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு நகராட்சிக்கு அனுப்பணும். உன் திட்டத்தைத்தான் எடுத்துக்கப் போறாங்க. இது வெறும் மார்க்கு விஷயம் இல்லம்மா, நிஜமாவே அங்க கொட்டுவாங்க."

"அதனாலதான் சார் மாத்த மாட்டேங்கறேன்."

"பத்தொன்பதைப் போடேன். அதுவும் களிமண்ணுதான், கசிவு அவ்வளவா கீழ இறங்காது."

"பத்தொன்பதுல தண்ணி நல்லாயிருக்கு சார். அதையும் கெடுக்கணுமா? இருபத்தேழுல தண்ணி குடிக்கத் தகாததுன்னு நீங்களே போட்டிருக்கீங்க. அங்க கெடறதுக்கு இனிமே என்ன இருக்கு?"

"அறுபத்திமூணு வீடு இருக்கே!"

"நாப்பத்தொண்ணு சார். உங்க கணக்கு பழசு."

பதற்றத்தில் அது பேராசிரியரின் காதில் ஏறவில்லை. நேற்று அவளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத விண்ணப்பத்தைப் புரட்டியவர், முகவரியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்போதிலிருந்து சோறு இறங்கவில்லை. இனியும் மென்று விழுங்கிப் பயனில்லை.

"அது உன் தெருதாம்மா!" என்றார் உடைந்த குரலில். "இருபத்தேழுங்கறது உங்க வீடு இருக்கற இடம். உன் வாசல்லயே குப்பையைக் கொட்டச் சொல்லி உன் கையாலேயே எழுதியிருக்க. நானும் அதுக்கு முழு மார்க்கு போட்டுத் தொலைச்சிருக்கேன்."

அவள் அழுவாள் என்று நினைத்து, தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் அதைத் தொடவில்லை.

"தெரியும் சார். முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஆளாளுக்குக் கிட்னி போகுது, தண்ணியிலதான் ஏதோ இருக்கு, குழாய் போடுங்கன்னு எட்டு மனு கொடுத்தோம். சோதிச்ச ரிப்போர்ட் இருக்கான்னு கேட்டாங்க. சோதிக்க எங்ககிட்ட எங்க சார் வசதி? குப்பைக் கிடங்குன்னு ஆனா, சட்டப்படி எங்களுக்கு வேற இடத்துல வீடு கொடுத்தே ஆகணும். அந்தக் குப்பை புண்ணியத்துலயாவது மிச்சம் இருக்கறவங்க பிழைச்சுப் போகட்டும்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரிப்போர்ட் ஒரு பெரிய விஷயமா என்று மனசு ஆறவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நானே வந்து சோதிச்சுக் கொடுத்திருப்பேனே!"

அவள் அட்டவணையை மெல்ல அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"வந்தீங்களே சார், எட்டு வருஷத்துக்கு முன்னாடி. நீங்க எங்க கிணத்துல தண்ணி பிடிச்சப்போ, பாட்டில் மூடியைக் கையில வச்சுக்கிட்டு நின்னது நான்தான். ரிசல்ட் வந்ததும் சொல்றேம்மான்னு என் தலையைத் தடவிட்டுப் போனீங்க. தம்பி செத்து மூணு வருஷம் கழிச்சு, உங்க வகுப்புலதான் அதைப் பார்த்தேன்."