தீபாவளிக்கு வந்த பெட்டி

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நல்ல நாள் பெரிய நாளில் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக்கூடாது என்று ஒரு கூறு கிடையாது.

ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவான்?

குவைத்திலிருந்து மகன் போனில் சொன்னது இவ்வளவுதான். "இந்தத் தீவாளிக்கு ஒங்க பேர்ல ஊருக்கு ஒண்ணு செஞ்சிருக்கேன்ப்பா."

அடிகுழாய் என்று நினைத்தார். மிஞ்சிப்போனால் கோயிலுக்கு ஒரு மணி.

வேனிலிருந்து இறங்கியது, பிணம் வைக்கிற பெட்டி.

ஆள் நீளம். மேலே கண்ணாடி. கரண்டில் குளிருமாம்.

பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்து. படித்தது இரண்டாம் வகுப்புதான். எழுத்துக்கூட்டிப் பார்த்தார்.

உபயம்: சி. கருத்தமுத்து.

அவர் பெயர்.

உயிரோடு நிற்கிறவன் பெயரை இதிலா எழுதுவார்கள்?

ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. வாயைக் கொடுத்தவன் அழகுமலைதான்.

"என்ன மச்சான், ஒம் மகன் அளவெடுத்து அனுப்பியிருக்கான் போல. மொதப் போணி நீதானா?"

"போடா. ஒன்னைய இதுல படுக்கவச்சுப் பாத்துட்டுத்தான்டா நான் போவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பெயரை அழிக்கச் சொல்லி மகனிடம் போனில் கத்தினார். சரி என்றும் அவன் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

இனி யாரையும் நம்பிப் பிரயோசனமில்லை. தானே சுரண்டிவிடுவது என்று பிளேடைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். விடிந்ததும் பெட்டியை இறக்கி வைத்திருந்த சமுதாயக் கூடத்துக்குப் போனார்.

பெட்டி அங்கே இல்லை.

அழகுமலை வீட்டில் இருந்தது.

பெட்டிக்குள்ளே அழகுமலையின் பெண்டாட்டி. நேற்றுக்கூடக் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.

அழகுமலை தலைமாட்டில் உட்கார்ந்து துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கத் துடைக்கப் பனி மூடியது. நிமிர்ந்து பார்த்தான். கேலி பேசிய வாய் கோணிப்போய்க் கிடந்தது.

"மக மஸ்கட்லருந்து கெளம்பிட்டா மச்சான். வர்ற வரைக்கும் தாங்கும்ல?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணுக்கு நேரே அவர் பெயர். அதன் பின்னால் பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது.

அவர் பெண்டாட்டி போனது சித்திரையில். வெயில் அப்படி. மகன் வருகிறவரை தாங்காது, பொழுது சாய எடுத்துவிடுவோம் என்று சொன்னவர் அவர்தான். வேறென்ன செய்வது?

பையும் கையுமாக வந்து இறங்கியவனுக்குக் காட்டுவதற்குச் சாம்பல்தான் இருந்தது.

"அம்மா மொகம் எப்படிப்பா இருந்துச்சு?"

"எப்பயும் போலத்தான்டா."

அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறியபின் காரில் வந்து இறங்கினாள் அழகுமலையின் மகள் பாண்டிமீனா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூட்டம் விலகியது. நாலு பேர் கண்ணாடி மூடியைத் தூக்கினார்கள்.

அவள் குனிந்தாள். தாயின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். நெற்றியில் வைத்தாள். காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டாள்.

ஒப்பாரிக்குக் காத்திருந்த பெண்கள் அவள் வாயையே பார்த்தார்கள்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். யார் யாரையோ பார்த்துக் கடைசியில் அவரைப் பார்த்தாள்.

"மொகம் அப்படியே இருக்கு மாமா."

அவர் விருட்டென்று எழுந்தார். பாடை கட்டி முடிக்கிறவரைகூட நிற்கவில்லை.

தெருமுனை திரும்பியதும் இடுப்பைத் தடவினார். பிளேடு அங்கேயேதான் இருந்தது.

"அதுக்குன்னு அப்பன் பேரையா எழுதுறது?"

தெருவில் யாரும் இல்லை.

"ஒரு வேட்டி எடுத்துக் குடுத்தா என்னவாம்" என்றார். நடையை இன்னும் எட்டிப் போட்டார்.