தானாக

விரலில் மை வைத்தாகிவிட்டது.

ரைட்டர் தாளை அவள் பக்கம் திருப்பி, கீழே ஒரு மூலையைக் காட்டினார்.

"இங்க வை."

அவள் வைக்கவில்லை.

"ஒருதரம் படிச்சுக் காட்டுங்க சார்."

காவல் நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார் ரைட்டர். மூன்று இருபது. நாலு மணிக்கு மேல் ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம் கிடையாது. நாளை ஞாயிறு. இந்தப் புகார் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே கத்தியை எடுப்பார்கள் என்று காலையிலிருந்து அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

படித்தார். வேகமாக, மூச்சு விடாமல்.

மேற்படி அடுக்குமாடிக் குடியிருப்பில், மேற்படி தேதியில், எனது கணவர் கன்னியப்பன், வயது முப்பத்தெட்டு, கழிவுநீர்த் தொட்டிக்குள் தானாக இறங்கி, விஷவாயு தாக்கி...

"என்னா சார் சொன்னீங்க?"

"விஷவாயு."

"அதுக்கு முன்னாடி."

"தானாக இறங்கி."

அவளுக்கு எழுத்து தெரியாது. காது உண்டு.

"நான் தனியான்னு சொன்னேன் சார்."

சொன்னாள்தான். கூட யாராவது இறங்கினார்களா என்று அவர் கேட்டிருந்தார். இல்ல சார், தனியாத்தான் இறங்குனாரு என்றாள். மேலே கயிறு பிடிக்கக்கூட ஆள் இல்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் எழுதத் தொடங்கிவிட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணு இல்ல சார். தானான்னா, யாரும் சொல்லாம அவரே போயி உள்ள இறங்கிட்டாருன்னு ஆயிடும்."

பெஞ்சில் ஒரு செருமல். குடியிருப்பின் செகரட்டரி. அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தவர்.

"உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்மா," என்றார். "ஒண்ணு சொல்லவே வேணாம். அவரே இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்வாரு."

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நேற்று மதியம் அவனிடமிருந்து போன் வந்தது. லாரிக் குழாய்க்கு அடிச்சேறு வரலியாம். இறங்கி அள்ளுன்றாரு செகரட்டரி. மாட்டேன்னேன். அப்ப நாளையிலருந்து இந்தப் பக்கமே வராதன்றாரு.

கன்னியப்பன் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான்.

"இறங்கச் சொன்னாங்கன்னு அதையும் சொன்னேனே சார். அது எங்க?"

"அதெல்லாம் விசாரணையில வரும்." ரைட்டர் பேனாவால் மேசையைத் தட்டினார். "கைநாட்டு வைக்கிற ஆளு. ஒத்தை வார்த்தைக்கு ஐகோர்ட்டு வக்கீலாட்டம் நிக்கிற."

செகரட்டரி சிரித்தார். அவள் விரல் இன்னும் தாளில் படாததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மூன்று முப்பத்தைந்து.

மடியில் பை. பைக்குள் வேட்டி, துண்டு, தாள் பிரிக்காத சோப்பு.

வேலை முடிந்து வந்தால் கன்னியப்பன் வாசலைத் தாண்ட மாட்டான். வெளியிலேயே நிற்பான். அவள் தண்ணீர் ஊற்றுவாள். இரண்டு முறை சோப்பு. பிறகு தன் விரலை முகர்ந்து பார்த்து, இன்னொருதரம் ஊத்து என்பான்.

அதற்கு அப்புறம்தான் மகளைத் தூக்குவான்.

நேற்று வெளியே எடுத்தபடியே கிடக்கிறான். இமையில், காதுக்குள், நகத்துக்குள் சேறு. முகத்தை மட்டுமாவது கழுவட்டுமா என்று பிணவறை ஆளிடம் கெஞ்சினாள். அறுக்கிற வரைக்கும் தொடக்கூடாதும்மா என்றார் அவர்.

இப்போது விரலை வைத்தால் சாயங்காலம் ஊற்றிவிடலாம்.

வைக்காவிட்டால் திங்கட்கிழமை வரைக்கும் அப்படியே.

இன்னொருதரம் ஊத்து.

"எது சார் அந்த வார்த்தை?"

"எது?"

"தானான்னு எழுதியிருக்கீங்களே. அது எங்க இருக்குது?"

அலுப்போடு பேனா முனையால் காட்டினார். நான்காவது வரி. இவ்வளவு சின்னதா என்று குனிந்து பார்த்தாள்.

கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள்.

அழுத்தினாள். உருட்டினாள்.

"ஏய், அங்க இல்ல! கீழ! கீழம்மா!"

விரலை எடுத்தபோது சொல் இல்லை. ரேகைதான் இருந்தது.

செகரட்டரி எழுந்து நின்றார். ரைட்டர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு கடிகாரத்தை.

"மறுபடி முதல்லருந்து எழுதணும். இன்ஸ்பெக்டர் ஐயா பார்க்கணும். திங்கக்கிழமைதான் இனிமே. தெரிஞ்சுதான் செஞ்சியா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"போ. கையைக் கழுவிட்டு வா."

பின்பக்கம், பிடித்துப் போட்ட வண்டிகளுக்கு நடுவில் குழாய் இருந்தது. திறந்தாள். தண்ணீர் கொட்டியது. அவ்வளவு தண்ணீர்.

பையிலிருந்து சோப்பை எடுத்தாள். தாளைப் பிரிக்கப் போனவள், கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பப் பைக்குள் வைத்தாள். குழாயை மூடினாள்.

உள்ளே வந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்து, விரலை எதன்மேலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதுங்க சார்," என்றாள். "மை இன்னும் காயல."