துடைத்த கண்ணாடி

என் வீட்டுக்காரர் இருந்தவரை மூக்குக்கண்ணாடியை ஒருநாளும் துடைத்ததில்லை. அந்த அழுக்கு வழியாகத்தான் என்னையும் பார்த்தார். நான் காய்ச்சலோடு சமைத்ததும், இடுப்பு வரை இருந்த முடியை வெட்டிக்கொண்டதும் அவர் கண்ணில் படவேயில்லை.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு கண்ணாடியை அலமாரி மேல் வைத்தேன். தினமும் காலையில் அது பளிச்சென்று துடைத்து, சமையலறைப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் நான் மட்டும்தான்.

இன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணெய்க் கையோடு போய் கண்ணாடியின் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தேன்.

"இருந்தப்ப பாக்காத மூஞ்சிய இப்ப எதுக்குப் பாக்கறீங்க?"

அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். கண்ணாடி பளபளவென்றிருந்தது. நான் போட்டிருந்த நைட்டியின் பின்பக்க ஓரம் கசங்கி, எண்ணெய்க் கறையாக இருந்தது.

"தொடைக்கறதுக்கும் என் துணிதான் கெடைச்சுதா?"