எபினேசர் சித்தப்பா கடை எதிரில்

"இன்னா பெர்சிஸ், இங்கியேவா? எதுர்ல உங்க சித்தப்பா கடை கீது."

"தெரியும். கையைப் பிடி," என்றாள் பெர்சிஸ்.

தண்டையார்பேட்டையில், கல்லூரி வாசல் பஸ் நிறுத்தத்தில், பட்டப்பகலில் ரஞ்சித் அவள் கையைப் பிடித்தான். முகத்துவாரக்குப்பத்துப் பையன். விடுமுறையில் அப்பாவோடு வலை இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை. பெர்சிஸுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. மூன்றாம் வருஷம் வேதியியல் படிக்கிறவள். வெப்பம் உமிழும் வினைகளைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுவாள். அது காது மடலில் நடக்கும் என்று பாடத்தில் இல்லை.

இருபது வயதாகியும் அவள் தனியாக ரோட்டைக் கடந்ததில்லை. அப்பாவின் மொத்த மளிகைக் கடை லோடு ஆட்டோ, பருப்பு மூட்டைகளோடு அவளையும் ஏற்றி வந்து கல்லூரியில் இறக்கும். மாலையில் காலிச் சாக்குகளோடு திரும்ப ஏற்றிக்கொள்ளும். ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடைக்குக் கடை ஒரு சித்தப்பா, இல்லையென்றால் ஒரு மாமா. அவள் எங்கே தும்மினாலும் வீட்டில் கஷாயம் கொதிக்கும்.

ஐதராபாத்தில் எம்.எஸ்சி. சேர இடம் கிடைத்திருந்தது. அப்பா தேவப்பிரியம் அதற்கு ஒரே பதில்தான் சொன்னார்: "மாப்பிள்ள பாக்கேன்."

இந்த நேரத்தில்தான் இந்தக் கை.

"பாக்குறாரு பெர்சிஸ். எடக்கல்ல எடுத்து வீசுனார்னா என் மண்ட ரெண்டா பூடும்."

"கல்லாவை விட்டுட்டு வர மாட்டார்."

"அப்போ என் கைய ஏன் இப்டி நசுக்குற?"

"எனக்குப் பழக்கமில்லை."

"எனக்கு மட்டும் டெய்லி இதான் வேலையா?"

எதிரில் எபினேசர் சித்தப்பா எழுந்து நின்றார். நெற்றியில் கை வைத்துக் கூர்ந்து பார்த்தார். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று நெரிசலில் வந்து நின்றது. கடை, கல்லா, சித்தப்பா எல்லாம் மறைந்துபோயின. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

பெர்சிஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து முத்தமிட்டாள். முதலாவது குறி தவறி மூக்கில் விழுந்தது. இரண்டாவது சரியாக உதட்டில், நீளமாக. அவன் கை அவள் இடுப்பைத் தேடி வந்தது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்து அவளுக்குத் தண்டையார்பேட்டையே தெரியவில்லை.

லோடு ஆட்டோ வீடு சேரும் முன்பே செய்தி சேர்ந்திருந்தது.

"எவனோ கையப் புடிச்சிக்கிட்டு நின்னானாமே?" என்றார் அப்பா.

பெர்சிஸ் தலை குனிந்தாள். அது ஒன்றுதான் அவளுக்கு நன்றாக வரும்.

"எபினேசரு பாத்தா கடத்தெருவே பாத்த மாதிரி. இனி எந்த மாப்பிள்ள வீட்டுக்காரன் நம்ம படியேறுவான்?"

அம்மா அழுதாள். அப்பா கூடத்தில் நடந்தார். சட்டென்று நின்றார்.

"ஏட்டி, அந்த ஐதராபாத்துக் காலேசு. அங்கன நம்ம ஆளுவ கடை ஏதும் உண்டுமா?"

"ஒண்ணுகூட இல்லப்பா."

"அப்ப யாருக்கும் ஒண்ணும் தெரியாது. பேச்சு அடங்குத வரைக்கும் அங்கனயே கெடந்து படி. அந்தப் பய மூஞ்சியில இனி நீ முழிக்கப்படாது."

பெர்சிஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழப் போகிறாள் என்று அம்மா இன்னும் பலமாக அழுதாள். பெர்சிஸ் போனை எடுத்து ரஞ்சித்துக்குச் செய்தி அனுப்பினாள்.

"ஐதராபாத்துக்கு அனுப்பறாங்க. சூப்பரா நடிச்சே, ரஞ்சித். பேசினபடி உனக்கு பிரியாணி உண்டு."

பதில் உடனே வந்தது.

"பிரியாணி கைய புடிச்சதுக்கு. கன்டெய்னர் வண்டி வந்து மறச்ச அப்பால ஒண்ணு குடுத்தியே, அது யார் பாக்கறதுக்கு?"